தேனருவி என்று எழுதிய சீட்டு

குற்றாலத்தில் ஒரு பங்களாவுக்கு அவர் காவல்காரராக இருந்தார். சீசனுக்கு வந்து தங்குகிறவர்கள் காலையில் எழுந்ததும் கேட்கிற முதல் கேள்வி, அருவியில் தண்ணீர் விழுகிறதா என்பதுதான். பங்களா அருவிக்கு அவ்வளவு பக்கம். விழுகிற நாளில், வராந்தாவில் நிற்கிறவர்கள் அந்தச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தித்தான் பேசவேண்டும். ஆனாலும் அவர், "பாத்துட்டுச் சொல்லுதேன்" என்று குடையை எடுத்துக்கொண்டு படி இறங்கிவிடுவார்.

"சத்தம் கேக்குதேவே?" என்று ஒரு தடவை மதுரைக்காரர் ஒருவர் கேட்டாராம். வந்த மூன்று நாளில் 'வே' போடப் பழகியிருந்தார்.

"கேக்குது. பாத்துட்டுச் சொல்லுதேன்."

பத்து நிமிஷத்தில் திரும்பி வந்து, "விழுது" என்பார். விழாத நாளில், "விழல. ரெண்டு குரங்கு இருக்கு" என்பார். குரங்கைப் பற்றி யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். பார்த்ததால் சொல்லுவார்.

இதெல்லாம் யுத்தத்துக்கு முந்தின காலம். அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால், அது சரியான பெயர்தானா என்று யாராவது இலஞ்சிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும் என்பார். அவருடைய வீடு இலஞ்சியில்தான்.

அந்த இலஞ்சியில் ஒரு தோப்பில் தேங்காய் களவு போயிற்று. ஏறியவன் யார் என்பது ஊருக்கே தெரியும். அன்றைக்கு அந்த வழியாக வந்தவர் என்பதால் இவரைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள்.

"மரத்துல ஏறுனதப் பாத்தேரா?" என்று கேட்டார் தோப்புக்காரர்.

"பாத்தேன்."

"தேங்காயோட எறங்குனாம்லா?"

"எறங்குனதப் பாக்கல. நான் பாக்கும்போது ஏறிக்கிட்டுதான் இருந்தான்."

"ஏறுனவன் எறங்காம பின்ன அங்கனயே குடியிருப்பானோ?" என்று தோப்புக்காரர் கத்தினார்.

"இருக்கானான்னு பாத்துட்டு வரட்டுமா?"

கேலி இல்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நிஜமாகவே எழுந்துவிட்டார். தோப்புக்காரர் அதற்கப்புறம் அவரோடு பேசவில்லை. ஏறினவனும் பேசவில்லை. ஏறினதைச் சொல்லிவிட்டார் அல்லவா.

அவருடைய தங்கை செங்கோட்டையில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் இறந்துபோனாள் என்று ஆள் வந்து சொன்னபோது அவர் அழவில்லை. "ஆகட்டும். பாத்துட்டு வாரேன்" என்று நடந்தே போனார். வழியில் தெரிந்தவர்கள் துக்கம் கேட்டார்களாம். "இன்னும் பாக்கல" என்று சொல்லிக்கொண்டே போயிருக்கிறார். போய்ப் பார்த்தார். அதற்கப்புறம் அழுத அழுகைக்கு, அடுத்த தெருவில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவர்கள் வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்களாம்.

எனக்கு அவர் பழக்கமானது என் கல்யாணத்தினால். தென்காசியில், குற்றாலம் போகிற ரோட்டில், என் தச்சுப்பட்டறை. பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. என்னைப் பற்றி விசாரிக்க வாசுதேவநல்லூரிலிருந்து பெண்ணைப் பெற்றவர் வந்தார். வந்த இடத்தில் அருவியில் குளித்துவிட்டு, எதிரே வந்த காவல்காரரிடம், "தென்காசி ரோட்டுல பட்டற வச்சிருக்க பையன் ஆள் எப்படி?" என்று கேட்டுவிட்டார். அதுவரை அவர் என்னைப் பார்த்ததில்லை. என்ன சொல்லியிருப்பார் என்பதை நான் எழுதவேண்டியதில்லை.

மறுநாள் காலை ஒருவர் வந்து என் பட்டறையில் பலகை அடுக்கின் மேல் உட்கார்ந்தார். நான் வேலை கொடுக்க வந்தவர் என்று நினைத்தேன். என்ன வேலை என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் கதவு இழைத்தேன். அவர் பார்த்தார். மத்தியானம் அவர் கொண்டுவந்த சோற்றை அவர் சாப்பிட்டார், என் சோற்றை நான் சாப்பிட்டேன். சாயங்காலம் எழுந்து வாசல் கூரையின் இறப்புக்கு வெளியே வலது கையை நீட்டி, உள்ளங்கையைப் பார்த்துவிட்டு, குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் வாசுதேவநல்லூருக்கே போய் என் மாமனாரிடம் சொன்னதை என் மனைவி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறாள்.

"காலையில இருந்து சாயந்தரம் வர பாத்தேன். நாலு தடவ வாயத் தொறந்தான். அதுல மூணு மரத்துகிட்ட."

"பொய் கிய்யி பேசுவானா?"

"பேசுனாத்தான?"

இந்தப் பதிலில் என் மாமனாருக்குத் திருப்தி. கல்யாணம் நடந்தது. "நீங்க பேசாததப் பாத்து என்னயக் கட்டிக் குடுத்துட்டாவ. பேசி எவனாவது கேட்டிருந்தா தப்பிச்சிருப்பேன்" என்று என் மனைவி இன்றுவரைக்கும் சொல்கிறாள்.

அந்தக் குடை விஷயத்தைக் கொஞ்சம் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்துச் சாரல் சத்தம் போடாது. வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறவருக்கு வெளியே தூறுகிறதா இல்லையா என்று தெரியாது. எந்த வீட்டிலிருந்து புறப்பட்டாலும் அவர் முதலில் கையை நீட்டி, உள்ளங்கையைப் பார்த்து, பிறகுதான் குடையை விரிப்பார். வீட்டுக்காரர், "தூறுது அண்ணாச்சி" என்று சொல்லியிருந்தாலும் கை வெளியே போகும். கலெக்டர் சொன்னாலும் போகும் என்பார்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு அவர் தென்காசிக்கு வந்தால் எங்கள் வீட்டில் ஒரு காப்பி குடிக்காமல் போகமாட்டார். எழுந்திருக்கும்போது, "ஆசாரி, வெளிய எப்படி?" என்று கேட்பார். நான், "தூறுது" என்றால் வீட்டுக்குள்ளேயே குடையை விரிப்பார். அது வாசல் நிலையில் இடிக்கும். நிலை கொஞ்சம் குறுகல். நான் செய்ததுதான்.

இதை முதலில் கவனித்தது என் மனைவி. "கவனிச்சியளா? இங்கன மட்டும் அண்ணாச்சி கைய நீட்டுததில்ல. நீங்க சொன்னா போதுங்காவ" என்றாள். நானும் அடுத்த தடவை பார்த்தேன். நிஜம்தான். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, நன்றாகவும் இருந்தது. தென்காசியில் தாசில்தாருக்கும் இல்லாத ஒன்று எனக்கு இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் பூச்சித் துரை வந்தார்.

வெள்ளைக்காரர். வயதானவர். சீசன் முழுக்க அந்தப் பங்களாவில் தங்கினார். பூச்சிகளைப் பிடித்துக் குண்டூசியில் குத்தி, கண்ணாடி மூடி போட்ட பெட்டிக்குள் வரிசையாக வைப்பார். ஒவ்வொரு பூச்சிக்கும் கீழே நகத்தளவு சீட்டு. எந்த இடத்தில் பிடித்தது என்று அதில் எழுதியிருக்கும். அவரோடு மெட்ராஸிலிருந்து ஒரு ரைட்டர் வந்திருந்தார். அவர்தான் சீட்டு எழுதுவது, துரையின் பேச்சை நமக்கும் நம் பேச்சைத் துரைக்கும் சொல்வது எல்லாம். பெட்டி செய்கிற வேலையைக் காவல்காரர் எனக்கு வாங்கிக் கொடுத்தார். அடியில் மெத்தென்ற நெட்டி பதித்து, குண்டூசி இறங்குகிற மாதிரி செய்யவேண்டும்.

துரைக்கு ஒரு பூச்சியின் மேல் ஆசை. ஒரு சாண் அகலம் இருக்கும். இளம் வெற்றிலைப் பச்சை. உடம்பு பஞ்சு மாதிரி வெள்ளை. முன் இறக்கையின் ஓரத்தில் மருதாணி நிறத்தில் ஒரு கோடு. பின் இறக்கை இரண்டும் வால் மாதிரி நீண்டு லேசாக முறுக்கிக்கொண்டிருக்கும். அதற்கு வாய் கிடையாதாம். ஒன்றும் தின்னாமல் பத்து நாள் இருந்து, முட்டை போட்டுவிட்டுச் செத்துப்போகுமாம். எங்கள் பக்கத்தில் அதற்கென்று தனிப் பெயர் கிடையாது. விளக்குக்கு வந்தால் விட்டில், பகலில் கண்ணில் பட்டால் வண்ணாத்தி. அதற்குமேல் யாரும் விசாரித்ததில்லை.

பங்களா விளக்குக்கு வந்து அடிபட்டு, வால் கிழிந்த ஒன்று துரையிடம் இருந்தது. அவருக்கு வேண்டியது புதிதாகக் கூட்டிலிருந்து வந்த ஒன்று. அதைவிட, அது வாழ்கிற இடம் எது என்று தெரியவேண்டும். அது மேலே மலைக்காட்டில், தேனருவிப் பக்கம்தான் இருக்கும் என்பது துரையின் எண்ணம். காவல்காரரைக் கேட்டார்கள்.

"விளக்குக்கு வந்ததப் பாத்திருக்கேன். எங்கருந்து வந்துச்சுன்னு பாக்கல" என்றார். "தேனருவியில பாத்ததில்ல. எதுக்கும் பாத்துட்டுச் சொல்லுதேன்."

பதினைந்து நாள் மேலே ஏறி ஏறி இறங்கினார். "நான் பாக்கல" என்று முடிவாகச் சொன்னார். துரை அதை ஒப்புக்கொண்டார். இந்த ஆள் பார்க்கவில்லை என்றால் அங்கே இல்லை என்று ரைட்டரிடம் சொன்னாராம். அவருக்கு ஆட்களைத் தெரிந்திருந்தது.

ஆனி மாதக் கடைசியில் பெட்டி வேலை முடிந்தது. ஆறு பெட்டிகளையும் ஒரு பெரிய மரக்கூட்டுக்குள் வைத்து மாட்டுவண்டியில் கொண்டுபோகவேண்டும். கண்ணாடி உடையாமல் இருக்க நடுவே மரச்சீவல் அடைக்கச் சொல்லியிருந்தார்கள். அந்த வாரம் மழையில் என் சீவலெல்லாம் நனைந்து கிடந்தது. நான் என்ன செய்தேன் என்றால், பின்பக்கம் வேலி ஓரத்தில், ஓலைச் சார்ப்புக்கு அடியில் ஒதுங்கிக் காய்ந்து கிடந்த சருகைக் கூடையில் அள்ளிவந்து அடைத்துவிட்டேன். வேலி என்றால் ஒதி மரம். குச்சியை ஒடித்து ஊன்றியது வளர்ந்து ஐந்து மரமாக நின்றது; சார்ப்பை ஒட்டி நின்றது மூன்றாவது. ஒதியில் நிலையும் வராது, சட்டமும் வராது. தச்சன் அதை மரத்தில் சேர்ப்பதில்லை.

பங்களா வராந்தாவில் மறுநாள் காலை மரக்கூட்டைத் திறந்தேன். வண்டி ஆடிய ஆட்டத்தில் சருகு அமுங்கி, மேலே இரண்டு சாண் இடம் காலியாக இருந்தது. மூடியின் உட்பக்கத்தில் அது தொங்கிக்கொண்டிருந்தது. பச்சை. வால் இரண்டும் முழுசாக. அப்போதுதான் தன் புழுக்கூட்டைவிட்டு வந்து இறக்கையை விரித்து ஆறப்போட்டிருந்தது.

துரை என்னவோ சத்தம் போட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்கே? எங்கே?" என்று தமிழிலேயே கேட்டார்.

அதன் கூடு ஒதிச் சருகோடு வந்தது என்று எனக்குத் தெரியும். சொல்ல வாய் வரவில்லை. துரையின் கண்ணாடிப் பெட்டிக்கு வேலி ஓரத்துக் குப்பையை அடைத்தாயா என்று கேட்டால் என்ன சொல்வது? நான் சருகைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்ன ஆசாரி, வெட்டுமரம் பாக்க மலைக்குப் போயிருந்தியா? தேனருவிப் பக்கமா?" என்று ரைட்டர் எடுத்துக்கொடுத்தார்.

தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் நான் செய்தது. வாய் திறக்கக்கூட இல்லை. தேனருவிக்கு நான் பிறந்ததிலிருந்து போனதில்லை.

துரை திரும்பி, தூண் ஓரத்தில் நின்ற காவல்காரரைப் பார்த்தார். ரைட்டரும் பார்த்தார். "ஏன்யா, நீ இல்லேன்னு சொன்னியே?"

அவர் என்னைப் பார்த்தார். மரக்கூட்டுக்கும் அவருக்கும் நான்கடி தூரம். குனிந்து பார்த்திருந்தால் உள்ளே கிடப்பது ஒதியிலை என்று ஒரு நொடியில் தெரிந்திருக்கும். அவர் குனியவில்லை.

"ஆசாரி சொன்னா சரி" என்றார்.

நான் அறிந்தவரை, எங்கள் வாசல் தூறலைத் தவிர அவர் பார்க்காமல் விட்டது அது ஒன்றுதான்.

ரைட்டர் சீட்டு எழுதினார். தேனருவி. துரை பூச்சியை ஒரு மருந்து ஜாடிக்குள் விட்டார். சாகும்வரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அது என் பெட்டியில் நெட்டியின் மேல் ஏறிற்று. நெட்டி சரியாக நின்றது என்று துரை என் முதுகைத் தட்டினார்.

படி இறங்கும்போது காவல்காரர் கூட வந்தார்.

"எந்தப் பக்கம் இருந்துச்சு ஆசாரி?"

"பாறைக்கு வலப் பக்கம்" என்றேன். முதல் பொய்யைத் தலையால் சொன்னேன். இரண்டாவதுக்கு வாய் திறந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "நம்ம வீட்டுக் குப்பைக்கு தேனருவின்னு பட்டம் கட்டிட்டு வந்திருக்கியளே!"

துரை போய்விட்டார். காவல்காரர் மலைக்கு ஏற ஆரம்பித்தார். வாரத்துக்கு ஒரு தடவை, பங்களாவில் ஆள் இல்லாத நாளில், தேனருவிக்குப் போய்ப் பாறைக்கு வலப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வருவார். வழுக்குப்பாறை. கரடியும் உண்டு. முதல் வருஷம் பார்க்கவில்லை. இரண்டாம் வருஷம் பார்க்கவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்து காப்பி குடிப்பார்.

"ஒரு தடவ போன உனக்குத் தெரிஞ்சது, இருவது வருசமா ஏறி எறங்குத எனக்குத் தெரியல. கண்ணுலதான் ஏதோ கோளாறு" என்றார் ஒரு நாள்.

தென்காசி டாக்டரிடம் காட்டினார். கண் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "அவரு சொல்லுதாரு" என்றார் இவர். "கோளாறு உள்ள கண்ணுக்குத்தான அது தெரியணும். அவருக்கு எப்படித் தெரியும்?"

மூன்றாம் வருஷம் சீசனில் பங்களாக் கதவு ஒன்று மழையில் ஊதிப்போய் மூடவில்லை என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். என் மனைவியும் அருவியில் குளிக்கவேண்டுமென்று கூட வந்தாள். நான் கதவைச் சீவிக்கொண்டிருந்தபோது தங்கியிருந்தவர் ஒருவர் வந்து, தண்ணீர் விழுகிறதா என்று கேட்டார். காவல்காரர் குடையோடு போனார். பத்து நிமிஷத்தில் வரவேண்டியவர் அரை மணி கழித்து வந்தார்.

"விழுதுன்னுதான் தோணுது" என்றார். "எதுக்கும் நீங்களும் ஒருக்க பாத்துக்கிடுங்க."

கேட்டவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். என் மனைவி சிரிக்கவில்லை. வீடு திரும்பியதும் வாசலில் நின்றுகொண்டு கேட்டாள்.

"அண்ணாச்சி 'தோணுது'ன்னு சொன்னத கேட்டியளா? அந்த வார்த்த அவிய வாயில வந்து எப்பமாவது கேட்டிருக்கியளா?"

நான் கேட்டதில்லை.

"எப்பச் சொல்லப்போறிய?"

"சொல்லணும்" என்றேன்.

அதற்கு அடுத்த வாரம் அவர் தேனருவிப் பாறையில் வழுக்கி விழுந்தார். தேன் எடுக்கப் போனவர்கள் பார்த்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இடது கால் எலும்பு முறிந்திருந்தது. இலஞ்சியில் அவர் வீட்டில் கட்டிலில் படுத்திருந்தார். முழங்கால் வரை மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தது. நானும் என் மனைவியும் பார்க்கப் போனோம். நான் உட்கார்ந்தேன். காலைப் பார்த்தேன். மூங்கில் பத்தை சீராகச் சீவியிருக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

"சொல்லுங்க" என்றாள் என் மனைவி.

நான் பத்தையின் கட்டைத் தொட்டுப் பார்த்தேன்.

"இப்பச் சொல்லுதியளா, நான் சொல்லட்டுமா?"

சொன்னேன். சருகு அள்ளியது, ரைட்டர் எடுத்துக்கொடுத்தது, வலப் பக்கம் என்றது எல்லாம். என் வாழ்நாளில் ஒரே மூச்சில் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். திட்டவில்லை. திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒதியா?"

"ஒதிதான் அண்ணாச்சி."

"எத்தனாவது மரம்?"

"ரோட்டுப் பக்கமிருந்து மூணாவது."

கட்டிப்போட்ட காலைப் பார்த்தார்.

"சரி. காலு ஒட்டட்டும். பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றார்.

அடுத்த ஆனி பிறந்ததும் கம்பை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டார். கால் கொஞ்சம் கோணலாக ஒட்டியிருந்தது. விடிகிற நேரத்தில் வருவார். மூன்றாவது ஒதிக்கு எதிரே என் முக்காலியைப் போட்டு உட்காருவார். வெயில் ஏறியதும் பங்களாவுக்குப் போவார். என் மனைவி காப்பி கொண்டுபோய்க் கொடுப்பாள். ரோட்டில் போகிறவர்கள், "என்ன அண்ணாச்சி, ஒதி காய்க்கான்னு பாக்கேளா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். "பாத்துட்டுச் சொல்லுதேன்" என்பார்.

பதினோராம் நாள் காலையில், நான் உளி தீட்டிக்கொண்டிருந்தேன். "ஆசாரி" என்று கூப்பிட்டார். சத்தமாகக்கூட இல்லை. போனேன். தாழ்வான கிளையில், இரண்டு இலையைச் சேர்த்து ஒட்டிய மாதிரி இருந்த கூட்டுக்குப் பக்கத்தில், ஈரத்தோடு தொங்கிக்கொண்டிருந்தது. இறக்கை இன்னும் சுருங்கித்தான் இருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. வால் இரண்டும் கடைசியில் இறங்கின. என் மனைவி அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தவள் அங்கேயே நின்றாள். பால் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது.

அவர் அன்றைக்குப் பங்களாவுக்குப் போகவில்லை. மத்தியானம் வரைக்கும் பார்த்தார். பிறகு எழுந்தார்.

"இருக்கு" என்றார். "தென்காசி. ஒதி மரம். கண்ணுல கோளாறு இல்ல."

அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நாலு வருஷமாக அந்த முகத்தை நான் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. வீட்டுக்குள் வந்து காப்பி குடித்தார். குடையை எடுத்தார்.

"தூறல் இல்ல அண்ணாச்சி" என்றேன், அவர் கேட்பதற்கு முந்தியே.

அவர் வாசலுக்குப் போய், இறப்புக்கு வெளியே வலது கையை நீட்டினார். உள்ளங்கையைப் பார்த்தார். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார்.

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் பட்டறைக்குப் போய்விட்டேன்.

அவர் விடவில்லை. சீட்டை மாற்றவேண்டும் என்றார். ரைட்டருடைய மெட்ராஸ் விலாசம் பங்களாப் புத்தகத்தில் இருந்தது. ஐந்தாம் வகுப்புக் கையெழுத்தில் நான்தான் காகிதம் எழுதினேன். தேனருவி என்று எழுதியது தவறு, அங்கே அந்தப் பூச்சி இல்லை என்று ஆரம்பித்தேன்.

"இல்லன்னு எழுதாத. நான் பாக்கலன்னு எழுது" என்றார்.

அப்படியே எழுதினேன். தென்காசி, ஆசாரி வீட்டு வேலி, மூன்றாவது ஒதி, பார்த்தவர் இன்னார். தலையாட்டியவன் இன்னான் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பதில் வரவில்லை. யுத்தம் வந்தது. எந்த ஊரிலோ, நான் செய்த பெட்டியில், தேனருவி என்ற சீட்டோடு அது இன்னும் இருக்கும். என் நெட்டி சீக்கிரம் கெடாது.

அதற்கப்புறம் பத்து வருஷம் போல எங்கள் வீட்டுக்கு வந்துபோய்க்கொண்டுதான் இருந்தார். முகத்தைச் சுளித்ததில்லை. என் மகளுடைய கல்யாணத்துக்கு வந்து பந்தியில் நின்று பரிமாறினார். புறப்படும்போதெல்லாம் கையை நீட்டினார். நான் சொன்னாலும் நீட்டினார், சொல்லாவிட்டாலும் நீட்டினார். நான் சொல்வதை நிறுத்திக்கொண்டேன்.

பிறகு அவருக்கு நிஜமாகவே கண் போயிற்று. புரை. அறுத்து எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னார். அறுத்துக்கொண்டு பார்வை வந்தவர் ஒருவர் செங்கோட்டையில் இருந்தார். அவரைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று வண்டி கட்டிக்கொண்டு போனார். போனவர் பார்க்க முடியாமல் திரும்பி வந்தார். கண் தெரியாதே.

பங்களா வேலை போயிற்று. வீட்டைவிட்டு அதிகம் வெளியே வருவதில்லை என்று கேள்விப்பட்டேன். ஒரு ஆனி மாதக் கடைசியில், இலஞ்சியிலிருந்து சந்தைக்கு வந்த வண்டி ஒன்று எங்கள் வாசலில் நின்றது. அவர் இறங்கினார். கம்பு ஒரு கையில், குடை ஒரு கையில்.

உள்ளே கூட்டிவந்து உட்காரவைத்தோம். காப்பியைக் குடித்து முடித்தார்.

"இந்த வருசம் அது வந்திருக்கா?" என்று கேட்டார்.

"நேத்துகூடப் பாத்தேனே அண்ணாச்சி—" என்று என் மனைவி ஆரம்பித்தாள். அவளுக்குக் குரல் இனிமையாக வரும்போது பொய் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

"நீ இரு தாயி" என்றார். "ஆசாரி, நீ போய்ப் பாத்துட்டுச் சொல்லு."

நான் பின்பக்கம் போனேன். ரோட்டுப் பக்கத்து முதல் ஒதியிலிருந்து ஆரம்பித்தேன். தாழ்ந்த கிளையைக் கையால் வளைத்துப் பார்த்தேன். உயர்ந்த கிளைக்கு ஏணி கொண்டுவந்து ஏறிப் பார்த்தேன். இலைக்கு அடியில் பார்த்தேன். மூன்றாவது மரத்தில் இரண்டு தடவை பார்த்தேன். அந்த வருஷம் மழை முன்னாலேயே வந்துவிட்டது. வந்து போயிருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம். ஐந்து மரத்தையும் பார்த்து முடிக்க முக்கால் மணி ஆயிற்று. சட்டை நனைந்துவிட்டது.

திரும்பி வந்தேன். அடுக்களை வாசலில் நின்ற என் மனைவி கண்ணைக் காட்டினாள். இருக்கிறது என்று சொல்லுங்கள் என்று அர்த்தம். இத்தனை தூரம் வண்டியில் வந்திருக்கிற மனிதர். இனி ஒரு ஆனிக்கு வருவாரோ மாட்டாரோ. ஒரு தலையாட்டல்கூட வேண்டாம், ஒரு வார்த்தை போதும். அவரால் எழுந்துபோய்ப் பார்க்க முடியாது.

"இல்ல அண்ணாச்சி" என்றேன். உடனே திருத்திக்கொண்டேன். "நான் பாக்கல."

"அஞ்சுலயுமா?"

"அஞ்சுலயும்."

"மூணாவதுல?"

"ரெண்டு தடவ பாத்தேன்."

"சரி" என்றார்.

வண்டிக்காரன் வெளியே கூப்பிட்டான். அவர் கம்பை ஊன்றி எழுந்தார். நான் கையைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை போனேன். நிலைக்கு உட்பக்கமாகவே நின்றார்.

"வெளிய எப்படி, ஆசாரி?"

"தூறுது."

அவர் அங்கேயே குடையை விரித்தார். அது நிலையில் இடித்தது.